யுகத்தின் நாள்களும் அவற்றின் மீதிகளும்: 1,57,79,17,500 என்ற எண்

சித்திரைப் புத்தாண்டு எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் இரண்டு விடைகள் அச்சாகின்றன. பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் கொக்குவில் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைத் தருகிறது. இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் அதிலிருந்து சற்றே விலகிய இன்னொரு நேரத்தைத் தருகிறது. மருத்துநீர் தேய்த்து முழுகுவதற்குரிய விஷு புண்ணியகாலமும் அந்தந்த நேரத்துக்கு முன் பத்து நாழிகை, பின் பத்து நாழிகை என்று இரண்டாகிவிடுகிறது. எது சரி என்ற வழக்கை இங்கே எடுக்கப் போவதில்லை. வாக்கியக் கணிதத்தின் ஆண்டளவுக்கு அடியில் ஒரு முழு எண் கிடக்கிறது: நூற்று ஐம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. ஒரு மகாயுகத்தில், அதாவது 43,20,000 ஆண்டுகளில், எத்தனை நாள்கள் அடங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. அது என்ன மாதிரியான எண், அதை எவை வகுக்கும், எவை வகுக்கா, அதனால் நமது நாட்காட்டிக்கு என்ன நேர்கிறது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

இந்த எண் ஆரியபட்டரின் கணிதத்திலிருந்து வருகிறது. ஆனால் அவர் இதை நேரடியாகச் சொல்லவில்லை. ஒரு யுகத்தில் பூமி தன்னைத்தானே 1,58,22,37,500 தடவை சுற்றுகிறது என்றும், சூரியன் இராசிச் சக்கரத்தை 43,20,000 தடவை சுற்றிவருகிறது என்றும் அவர் தருகிறார். விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பூமி சுழலும் எண்ணிக்கை, சூரிய உதயங்களின் எண்ணிக்கையை விட ஆண்டுக்கு ஒன்றால் கூடுதலாக இருக்கும். ஆகவே முதலெண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உதயங்களின் தொகை, அதாவது சாவன நாள்களின் தொகை, 1,57,79,17,500 என்று வந்துவிடுகிறது. இதே இரண்டு எண்களின் விகிதத்திலிருந்து பூமி ஒருமுறை சுழல எடுக்கும் காலம் 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4.1 செக்கன் என்று கிடைக்கிறது. இன்றைய அளவீடும் அந்த முதல் தசமதானம் வரை இதுவேதான்.

யுகம் இலங்கையில் புதன்கிழமைச் சூரிய உதயத்தில் தொடங்கியது என்பது ஆரியபட்டர் வாக்கு. இந்த இலங்கை நாம் குடியிருக்கும் தீவன்று. உச்சயினியின் தீர்க்கரேகை பூமத்திய ரேகையை வெட்டும், கடலுக்குள் இருக்கிற ஒரு கற்பனைப் புள்ளி. புதன்கிழமையைச் சரிபார்க்க நமது எண்ணே போதும். ஆரியபட்டர் யுகத்தை நான்கு சம பாதங்களாகப் பிரிக்கிறார். ஒரு பாதத்தின் நாள்கள் 39,44,79,375. இதை ஏழால் வகுத்தால் மீதி 3. மூன்று பாதங்கள் கழிந்து கலியுகம் பிறக்கும்போது கிழமை ஒன்பதால், அதாவது இரண்டால், முன்னேறியிருக்கும். புதனுக்கு இரண்டு நாள் பின்னே வெள்ளி. கலி வெள்ளிக்கிழமை பிறந்தது என்றுதான் பஞ்சாங்க மரபும் சொல்கிறது. பத்து இலக்க எண் ஒன்றில் ஓர் இலக்கம் தவறினாலும் இந்தக் கிழமை பெரும்பாலும் பிசகியிருக்கும். ஏட்டில் பிரதி செய்தவர்களின் கைப்பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

இனி எண்ணின் உள்ளமைப்புக்கு வருவோம். 1,57,79,17,500 ஐ முதன்மைக் காரணிகளாக உடைத்தால் 2² × 3 × 5⁴ × 61 × 3449 என்று வரும். ஆண்டுகளின் எண்ணாகிய 43,20,000 ஐ உடைத்தால் 2⁸ × 3³ × 5⁴. இரண்டாவது எண் 2, 3, 5 ஆகிய மூன்று சிறிய முதன்மை எண்களால் மட்டும் கட்டப்பட்டது. அதற்கு 180 வகுத்திகள் உண்டு, எப்படி வேண்டுமானாலும் பங்கிடலாம். மனிதர் வசதிக்காகத் தெரிந்தெடுத்த எண்ணின் முகம் அப்படித்தான் இருக்கும். முதலாவதில் உள்ள 61, 3449 என்ற இரண்டும் அந்த வசதியோடு ஒட்டாதவை. அவை வானத்திலிருந்து வந்தவை. இன்னும் சரியாகச் சொன்னால், வானத்தைப் பார்த்து ஒருவர் செய்துகொண்ட தேர்விலிருந்து வந்தவை.

இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 7500. இதனால் இரண்டையும் வகுத்துவிட்டால் எஞ்சுவது 2,10,389 நாள்களும் 576 ஆண்டுகளும். கோடிக்கணக்கான நாள்களைக் கொண்ட யுகம், ஆண்டின் நீளத்தைப் பொறுத்தவரை, 576 ஆண்டுகளுக்குள் முழுமையாக அடங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். யுகக் கணக்கைப் பார்த்து முன்னோர் பேரெண்களில் மயங்கினார்கள் என்று சிலர் பெருமையாகவும் சிலர் ஏளனமாகவும் சொல்வதுண்டு. இரண்டு பேச்சும் இந்தப் பொதுக் காரணியைக் காணாத பேச்சுகள். பெரிய எண் எழுதப்பட்டது பின்னத்தைத் தவிர்ப்பதற்காக. சூரியன், சந்திரன், செவ்வாய், வியாழன், சனி எல்லாவற்றின் சுற்றுகளையும் ஒரே பகுதியின் மேல் முழு எண்களாக நிறுத்துவதற்கு அவ்வளவு அகலமான பகுதி தேவைப்பட்டது.

2,10,389 ஐ 576 ஆல் வகுத்தால் ஈவு 365, மீதி 149. ஆகவே ஆண்டு என்பது 365 நாளும் ஒரு நாளின் 576 இல் 149 பங்கும். நமது அளவையில் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை, மணிக்கூட்டில் 365 நாள் 6 மணித்தியாலம் 12 நிமிடம் 30 செக்கன். 576 என்பது 24 இன் வர்க்கம். ஒரு நாளின் 1440 நிமிடங்களை 576 ஆல் பங்கிட்டால் பங்கொன்றுக்குச் சரியாக இரண்டரை நிமிடம் வரும். நாளை, 576 சிறு அறைகள் கொண்ட ஒரு வட்டமாக மனத்தில் வரைந்துகொண்டால், ஆண்டுப் பிறப்பு ஒவ்வோர் ஆண்டும் அந்த வட்டத்தில் 149 அறை முன்னே பாய்கிறது. 149 ஒரு முதன்மை எண். 576 இல் இருப்பவை 2 உம் 3 உம் மட்டுமே. இரண்டுக்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி இல்லாததால், பாய்ச்சல் எந்த அறையையும் இரண்டாம் முறை மிதிக்காமல் 576 அறைகளையும் ஒவ்வொரு முறை தொட்ட பின்னரே தொடங்கிய இடத்துக்குத் திரும்பும். அதாவது, தொடர்ந்து வரும் 576 ஆண்டுகளில் எந்த இரண்டு புத்தாண்டும் நாளின் ஒரே நேரத்தில் பிறப்பதில்லை. எந்த நேரமும் விடுபடுவதுமில்லை.

நேரம் திரும்பினாலும் கிழமை திரும்புவதில்லை. 2,10,389 ஐ ஏழால் வகுத்தால் மீதி 4. நேரமும் கிழமையும் சேர்ந்து ஒத்துவர 576 × 7 = 4032 ஆண்டுகள் வேண்டும். கலி பிறந்து 5127 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இத்தனை காலத்தில் இந்தச் சுற்று முழுதாக ஒரே ஒரு முறைதான் நிறைவேறியிருக்கிறது. பிரபவ, விபவ என்று அறுபதாண்டுப் பெயரும் நேரமும் ஒத்துவர வேண்டுமானால் 2880 ஆண்டுகள். பெயர், நேரம், கிழமை மூன்றும் ஒத்துவர 20,160 ஆண்டுகள். இவையெல்லாம் பொது மடங்குகளுட் சிறியதைக் காணும் கணக்குகளே. சாதாரண தர மாணவருக்குப் பாடப் புத்தகத்தில் வரும் கணக்குகளை விட இவை வீட்டுச் சுவருக்கு நெருக்கமானவை என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எண்ணை வேலை வாங்கிப் பார்ப்போம். கழிந்த கலி ஆண்டுகளை 2,10,389 ஆல் பெருக்கி, 1237 ஐக் கழித்து, 576 ஆல் வகுத்தால், கலி பிறந்த நாள் முதல் சித்திரைச் சங்கிராந்தி வரையான நாள்கள் கிடைக்கும். கழிக்கப்படும் 1237 ஏன் வந்தது என்றால், சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே கதியில் ஓடுவதில்லை. சராசரிச் சூரியன் மேடத்தைத் தொடுவதற்கு முன்னரே உண்மைச் சூரியன் தொட்டுவிடுகிறது. அந்த இடைவெளியை மரபு 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை 15 தற்பரை என்று வைத்திருக்கிறது. அது 576 இல் 1237 பங்குக்குச் சமம். 2026 ஏப்ரலில் கழிந்த ஆண்டுகள் 5127. பெருக்கினால் 1,07,86,64,403, கழித்தால் 1,07,86,63,166, வகுத்தால் ஈவு 18,72,679, மீதி 62. ஈவை ஏழால் வகுத்தால் மீதி 4; வெள்ளியிலிருந்து நான்கு நாள் எண்ணினால் செவ்வாய். மீதி 62 என்பது அறுபத்திரண்டு இரண்டரை நிமிடங்கள், அதாவது 2 மணித்தியாலம் 35 நிமிடம். உதயத்தை ஆறு மணி என்று கொண்டால், 2026 ஏப்ரல் 14 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை காலை 8.35 அளவில் பராபவ வருடம் பிறக்க வேண்டும். அச்சிட்ட பஞ்சாங்கத்தின் மணி, சூரிய உதயத்தை எந்த ஊருக்கு எவ்வாறு எடுக்கிறார்கள் என்பதற்கேற்ப இதிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும். கணிதத்தின் எலும்புக்கூடு இதுதான்.

எண் ஏன் 500 இல் முடிகிறது என்ற கேள்விக்கு அழகான ஒரு விடை உண்டு. ஆரியபட்டருக்கு இரண்டு கணித முறைகள் இருந்தன. ஒன்றில் நாள் உதயத்தில் தொடங்குகிறது. யுகத்தின் நாள்கள் 1,57,79,17,500. மற்றதில் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. யுகத்தின் நாள்கள் 1,57,79,17,800. கலியின் தொடக்கமே இரண்டிலும் கால் நாளால் வேறுபடுகிறது. யுகம் முழுவதற்கும் 300 நாள் என்ற வேறுபாடு, 3600 ஆண்டுகளுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சரியாகக் கால் நாள். ஆகவே கலி 3600 நிறைவுற்ற கணத்தில் இரண்டு முறைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. உதய முறையில் அன்று வரை 13,14,931 நாளும் கால் நாளும். நள்ளிரவு முறையில் 13,14,931 நாளும் அரை நாளும். இரண்டும் காட்டும் கணம் ஒரே நண்பகல், கி.பி. 499 மார்ச் 21. அந்த வேளையில் தமக்கு வயது இருபத்துமூன்று என்று ஆரியபட்டரே சொல்லியிருக்கிறார். தம் காலத்து வானத்தில் ஓர் ஆணியை அடித்துவிட்டு, அங்கிருந்து இரண்டு கயிறுகளைப் பின்னோக்கி இழுத்து இரு வேறு கலித் தொடக்கங்களில் கட்டியதுபோல் இது இருக்கிறது. கடைசி மூன்று இலக்கங்கள் அந்தக் கட்டின் விளைவு என்றே நான் கொள்கிறேன்.

நள்ளிரவு முறையின் எண்ணையும் சுருக்கிப் பார்க்கலாம். 1,57,79,17,800 க்கும் 43,20,000 க்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 5400. சுருங்கி வருவது 800 ஆண்டுக்கு 2,92,207 நாள். இந்த விகிதம் வங்கக் கடலைத் தாண்டிப் போயிற்று. பர்மா, சியாம், கம்போடியா ஆகிய நாடுகளின் பழைய நாட்காட்டிகள் இதன் மேல்தான் நின்றன. இன்று வழங்கும் சூரிய சித்தாந்தமோ இன்னும் 28 நாளைக் கூட்டி 1,57,79,17,828 என்கிறது. நமது எண்ணை விட 328 நாள் அதிகம். ஆண்டுக்குப் பங்கிட்டால் வெறும் 6.56 செக்கன். ஆனால் இந்தச் சிறு திருத்தம் எண்ணின் வகுபடு தன்மையை அடியோடு மாற்றிவிடுகிறது. 43,20,000 உடன் அதற்கு உள்ள பொதுக் காரணிகளுட் பெரியது வெறும் 4. ஆண்டுப் பிறப்பு பழைய நேரத்துக்குத் திரும்ப, ஆரியபட்டரின் எண்ணில் 576 ஆண்டுகள் போதும். சூரிய சித்தாந்தத்தின் எண்ணில் 10,80,000 ஆண்டுகள் வேண்டும். ஆண்டின் நீளத்தைப் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். காரணிகளைப் பார்த்தால் தூரத்து உறவுகூட இல்லை. பருமனில் அண்டை வீட்டாராக இருக்கும் இரண்டு எண்கள் வகுபடு தன்மையில் ஒருவரையொருவர் அறியாதவராக இருப்பது முழு எண்களின் இயல்பு.

சந்திரனிடம் வரும்போது 61 வெளிப்படுகிறது. யுகத்தில் சந்திரனின் சுற்றுகள் 5,77,53,336. இதற்கும் நமது எண்ணுக்கும் பொதுக் காரணிகளுட் பெரியது 732, அதாவது 12 × 61. வகுத்தால் 78,898 சுற்றுகளுக்கு 21,55,625 நாள். சூரியனோடு ஒட்டாத 61 சந்திரனோடு ஒட்டிக்கொள்கிறது. இதில் நோக்கம் ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அறுபத்தொன்றில் ஒரு வாய்ப்பு வாய்த்துவிட்டது, அவ்வளவுதான். ஆயினும் கையால் கணித்தவர்களுக்கு அது பெரிய சேமிப்பு. சனிக்கு 4 மட்டுமே வகுபடுகிறது. வியாழனுக்கும் செவ்வாய்க்கும் 12. 3449 எந்த ஒரு கிரகத்தோடும் சுருங்காமல் கடைசி வரை பகுதியிலேயே இருந்துவிடுகிறது.

சந்திரச் சுற்றுகளிலிருந்து சூரியச் சுற்றுகளைக் கழித்தால் 5,34,33,336 சந்திர மாதங்கள். நமது எண்ணை இதனால் வகுத்தால் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரையான சராசரி 29.53058 நாள், இன்றைய அளவோடு ஒரு செக்கன்கூட வேறுபடவில்லை. சூரிய ஆண்டில்தான் பிழை பெரிது. விண்மீன்களைக் கொண்டு அளந்த இன்றைய ஆண்டை விட ஏறத்தாழ 3 நிமிடம் 20 செக்கன் கூடுதல். பருவங்களைக் கொண்டு அளந்த ஆண்டை விட ஏறத்தாழ 23 நிமிடம் 45 செக்கன் கூடுதல். ஆரியபட்டர் காலத்தில் மார்ச் மாதச் சமஇரவு நாளை ஒட்டி இருந்த ஆண்டுப் பிறப்பு இன்று ஏப்ரல் நடுவில் வந்து நிற்பதற்கு இந்தக் கடைசி வேறுபாடே காரணம். இன்றைய ஆங்கில நாட்காட்டியில் அது ஏறத்தாழ 62 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் விரத நாள்களும் கோயில் திருவிழாக்களும் இரண்டு பஞ்சாங்கங்களிலும் சில வேளை வெவ்வேறு திகதிகளில் விழுவது ஏன்? அதற்கு இந்த எண்ணைக் குற்றஞ்சாட்ட முடியாது. சராசரிச் சந்திரனை அது செவ்வையாகவே தருகிறது. சராசரியிலிருந்து உண்மைச் சந்திரன் விலகும் அளவைத் திருத்தும் வாய்பாடுகளில்தான் வேறுபாடு. வாக்கிய மரபு, சந்திரன் பூமிக்கு அதிதூரத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் ஒன்பது சுற்றுகளை 248 நாள் என்று கொண்டு, அந்த 248 நாள்களுக்கும் சந்திரனின் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களை மனனம் செய்து வைத்தது. 248 சற்றே பிழை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் 110 சுற்றுக்கு 3031 நாள், 449 சுற்றுக்கு 12,372 நாள் என்று மேலும் நெருங்கிய அளவுகளை வைத்துக்கொண்டார்கள். 3031 என்பது பன்னிரண்டு 248 உம் 55 உம். 12,372 என்பது நான்கு 3031 உம் ஒரு 248 உம். பெரிய சுழற்சி சிறிய சுழற்சிகளால் கட்டப்பட்டிருக்கும் இந்த அமைப்பினால், பேரெண்ணை எழுதவே தேவையின்றி, அதன் மீதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கணிக்க முடிந்தது. 1825 இல் ஜோன் வாரன் என்ற கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரி, புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஓர் எழுத்தும் எழுதாமல், நிலத்தில் சோகிகளை வைத்தும் மனனஞ்செய்த வாக்கியங்களைச் சொல்லியும் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்ததைக் கண்டு பதிவு செய்திருக்கிறார்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே கணிதம் இங்கே யாழ்ப்பாணத்தில் வேறுவிதமாகச் சோதிக்கப்பட்டது. 1829 மார்ச் சந்திர கிரகணத்தை வைத்து, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்துக்கும் அமெரிக்க மிஷனரிமாரின் கல்லூரியான வட்டுக்கோட்டைச் செமினரியின் டானியல் பூர் ஐரோப்பிய முறையில் செய்த கணிப்புக்கும் இடையே பகிரங்கப் போட்டி நடந்தது. செமினரி அதைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. ஆயினும் அதே செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்டன் 1848 இல் இந்து வானியல் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். தோற்றதாகச் சொல்லப்பட்ட கணிதத்தை வென்றவர்களே இருந்து படிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு கேள்வி. மீதி பூச்சியமாக, உதயத்தோடு உதயமாக ஆண்டு பிறப்பது எப்போது? 2026 இன் மீதி 62. ஆண்டொன்றுக்கு 149 கூடுகிறது. எத்தனையாவது ஆண்டில் கூட்டுத்தொகை 576 இன் மடங்காகும் என்பதே வினா. ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. இதற்கென்றே ஆரியபட்டர் குட்டகம் என்ற முறையைத் தந்தார். குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது. 576 ஐ 149 ஆல் வகுத்து, வரும் மீதியால் 149 ஐ வகுத்து, இப்படியே இடித்துக்கொண்டு போனால் ஈவுகள் 3, 1, 6, 2, 4, 2 என்று வரும். கடைசி ஈவு வரை இடித்த பின் அதை விட்டுவிட்டு, ஏனைய ஈவுகளில் கீழிருந்து மேலாக ஏறினால் 259 கிடைக்கும். 149 ஐ 259 ஆல் பெருக்கினால் 576 இன் மடங்குக்குச் சரியாக ஒன்று குறையும். அறுபத்திரண்டைச் சரிக்கட்ட 62 × 259 = 16,058; இதை 576 ஆல் வகுக்க மீதி 506. ஆகவே 2026 க்கு 506 ஆண்டுகளின் பின், 2532 இல், மீதி பூச்சியமாகும்.

அதற்கு 576 ஆண்டுகள் முன்னே சென்றால் 1956. ஈழத்தமிழருக்கு அந்த ஆண்டு நினைவிருப்பது வேறொரு காரணத்துக்காக, தனிச் சிங்களச் சட்டத்துக்காக. இந்தக் கணக்குப்படி அவ்வாண்டு ஏப்ரல் 13, கலி பிறந்த அதே வெள்ளிக்கிழமையில், துன்முகி வருடம் சூரிய உதயத்தோடு பிறந்தது. அடுத்தது 2532 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை. அன்று கழிந்திருக்கும் கலி ஆண்டுகள் 5633. அதை 2,10,389 ஆல் பெருக்கி 1237 ஐக் கழித்து 576 ஆல் வகுத்தால், மீதியேதுமின்றி வருகிற நாள்களின் எண் 20,57,500.